ங்கோசி ஒகோன்ஜோ-இவேலா: ஓட்டே இல்லாத பதவிக்கு ஏன் போனார்?

தராசுமுள் (இழையைத் தொடங்கியவர்)

ரெண்டு வாரமாக இந்த அம்மையாரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க மரியாதை கூடுகிறது. கூடவே ஒரு கேள்வியும் நெருடுகிறது.

1976-ல் ஹார்வர்டில் பொருளியல் பட்டம். 1981-ல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம். ஆய்வு நைஜீரியாவின் கிராமப்புறக் கடனும் விவசாயமும் பற்றியது. பிறகு உலக வங்கி. மொத்தம் 25 ஆண்டு அங்கே ஓடியிருக்கிறது. 2007 முதல் 2011 வரை தலைவருக்கு அடுத்த இடத்தில் இருந்தார். 2003-ல் ஒரு முறை, 2011-ல் இன்னொரு முறை நைஜீரியாவின் நிதியமைச்சர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் பணம் நகரும், போடாவிட்டால் நிற்கும்.

2021 மார்ச் 1 முதல் உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநர். இங்கே என்ன நகரும்? உறுப்பினர்கள் 166. ஒருவர் முடியாது என்றாலும் முடிவு கிடையாது. இவருக்கு ஓட்டு இல்லை. விதியை மீறும் நாட்டின் மேல் இவரால் வழக்குப் போட முடியாது. தீர்ப்புச் சொல்ல முடியாத நாட்டாமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான்: அவர் தொழில் வாழ்க்கையின் உச்சம், நைஜீரியாவின் கடன் பேரம் படிந்த 2005. அந்த அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவா ஒரு கௌரவ ஓய்வு. மறுப்பவர்கள் வரலாம்.

கப்பல்சீட்டு

மறுக்கிறேன். நான் ஏற்றுமதி ஆவணம் பார்க்கிறவன். காலையில் உட்கார்ந்தால் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எந்த நாட்டுச் சரக்கு என்று காட்டும் தோற்றச் சான்று என்று பொழுது போய்விடும். நீங்கள் எழுதிய விலைதான் சுங்கத்துக்கு அடிப்படை மதிப்பு, அதைத் தள்ளுவதென்றால் அதிகாரி காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அந்த அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தத்திலிருந்து. இந்த விதி இல்லாத காலத்தில் "இந்தச் சரக்கு இவ்வளவு பெறும்" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நினைத்ததே விலை.

அலங்காரப் பதவி என்று சொல்லும்போது அந்தப் பதவி எதன் தலைமாட்டில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

தராசுமுள்

கப்பல்சீட்டு, விதிக்குப் பயன் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அந்த விதியை இவர் எழுதவில்லை, மாற்றவும் முடியாது. என் கேள்வி ஆளைப் பற்றியது.

சிவப்புக்கோடு

2005 உச்சமா? பொறுங்கள். கடன்காரர்களுக்கு 1,200 கோடி டாலரை ரொக்கமாக எடுத்துக் கொடுத்ததைத்தானே சொல்கிறீர்கள்? பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாத நாடு, பணக்கார நாடுகளின் சங்கத்துக்கு அவ்வளவு பணம் கட்டியது சாதனையா? அந்தக் கடனில் பெரும்பகுதி வாங்கிய முதல் இல்லை, கட்டாமல் விட்ட வட்டியும் அபராதமும் குட்டி போட்டது.

பழைய_கணக்கு

தம்பி சிவப்புக்கோடு சொல்வதில் பாதி சரி. வட்டியும் அபராதமும் சேர்ந்து வீங்கிய கடன்தான் அது. ஆனால் பேரத்தை முழுதாகப் பாருங்கள்.

தம்பி சொன்ன அந்தச் சங்கமான பாரிஸ் கிளப்புக்கு நைஜீரியா தர வேண்டியிருந்தது சுமார் 3,000 கோடி டாலர். அதில் 1,800 கோடி தள்ளுபடி. மீதி ஏறக்குறைய 1,200 கோடியைக் கட்டி 2006 ஏப்ரலில் கணக்கை மூடினார்கள். கடன் தள்ளுபடி அதுவரை பெரும்பாலும் பரம ஏழை நாடுகளுக்குத்தான் கிடைத்துவந்தது. எண்ணெய் விற்கும் நைஜீரியாவுக்குத் தரப் பலருக்கும் மனசு இல்லை. "உங்களிடம்தான் எண்ணெய்க் காசு இருக்கிறதே" என்பார்கள். அந்த வாயை எப்படி அடைத்தார் என்பதில்தான் பொருளியலாளர் தெரிகிறார்.

பட்ஜெட் போடும்போது எண்ணெய்க்கு ஒரு குறைந்த விலையை வைத்துக் கணக்குப் போடுவது, சந்தையில் அதற்கு மேல் கிடைப்பதைத் தனிக் கணக்கில் ஒதுக்குவது என்று 2004-ல் வழக்கம் கொண்டுவந்தார். விலை ஏறினால் உடனே செலவழித்துவிட்டு, இறங்கினால் கடன் வாங்கும் பழக்கத்துக்கு ஒரு கடிவாளம். பாரிஸ் கிளப்புக்குக் கட்டும் தெம்பு அந்தச் சேமிப்பிலிருந்து வந்தது. சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்., பணமே தராமல், கொள்கையை மட்டும் பார்த்து நற்சான்று தரும் ஒரு புது ஏற்பாட்டை 2005-ல் உண்டாக்கியது. அதை முதலில் பயன்படுத்திய நாடு நைஜீரியா. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் பேரம் படிந்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது இது எதுவும் இல்லை. மாதா மாதம் மத்திய அரசு எந்த மாநிலத்துக்கு எவ்வளவு கொடுத்தது என்று செய்தித்தாளில் அச்சடித்துப் போட வைத்தார். அவ்வளவுதான் செய்தார். சட்டம் இல்லை, வழக்கு இல்லை. ஒரு ஆசிரியருக்குச் சம்பளம் வரவில்லை, ஆளுநர் "தலைநகர் அபுஜாவிலிருந்து பணம் வரவில்லை" என்கிறார் என்று வையுங்கள். ஆசிரியர் கையில் இருக்கும் பேப்பரில் வந்த தொகை இருக்கிறது. இனி அந்த ஆளுநர் என்ன சொல்வார்? நாற்பது வருடம் பேரேடு பார்த்தவன் சொல்கிறேன், ஒரு கணக்கை எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டுவதைவிடப் பெரிய தணிக்கை கிடையாது.

மின்மினி

அதனால்தான் அவருக்கு ஒகோன்ஜோ-வஹாலா என்று பட்டப்பெயர் விழுந்தது. நைஜீரியப் பேச்சுவழக்கில் வஹாலா என்றால் தொல்லை, வம்பு. ஒரு நிதியமைச்சருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?

சிவப்புக்கோடு

பட்டப்பெயர் எல்லாம் சரி. 2012 ஜனவரி 1 காலையில் நைஜீரியர்கள் அவரை என்ன பெயரால் கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். பெட்ரோல் மானியத்தை ஒரே இரவில் எடுத்தார்கள். லிட்டர் 65 நைரா 140-ஐத் தாண்டியது. புத்தாண்டுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வர பஸ் கட்டணம் இல்லாமல் நின்றான். நாடே தெருவில் இறங்கியது, வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு. பதினாறாம் தேதி 97 நைராவுக்கு இறக்கினார்கள். முனைவர் பட்டம் வாங்கியவருக்கு ஒரே நாளில் விலையை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று தெரியாதா?

இன்னொன்று. மத்திய வங்கி ஆளுநர் சனுசி, எண்ணெய்க் கழகத்திலிருந்து அரசுக் கணக்குக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்று எழுப்பினார். முதலில் 4,980 கோடி டாலர் என்றார், பிறகு 2,000 கோடி என்றார். நிதியமைச்சகம் 1,080 கோடிக்குக் கணக்கு வேண்டும் என்றது. 2014 பிப்ரவரியில் சனுசியை இடைநீக்கம் செய்தார்கள். அம்மையார் தடயத் தணிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டு அதே அமைச்சரவையில் தொடர்ந்தார். கணக்கைச் சுவரில் ஒட்டியவர்தானே?

பழைய_கணக்கு

அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முதல் முறை, 2006-ல் நிதியிலிருந்து வெளியுறவுக்கு மாற்றினார்கள், ஓரிரு மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். இரண்டாம் முறை அந்த ரோஷம் தெரியவில்லை. உள்ளே இருந்தால்தான் தணிக்கையைத் தள்ள முடியும் என்று நினைத்திருக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்து, தப்பான கணக்குப் போடும் மேலதிகாரிக்குக் கீழே மூன்று வருடம் இருந்திருக்கிறேன். கணக்கு திருந்தவில்லை.

மானியத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அந்த மானியத்தில் இறக்குமதியே செய்யாத எண்ணெய்க்கும் பில் போட்டுப் பணம் வாங்கிய கும்பல் இருந்தது. அதைத் தணிக்கை செய்யப்போனதன் விலையை அவர் வீட்டில் கொடுத்தார்கள்.

மின்மினி

ஆமாம். 2012 டிசம்பரில் அவர் அம்மாவைக் கடத்தினார்கள். 82 வயது. கடத்தியவர்கள் முதலில் கேட்டது பணம் இல்லை. மகள் தொலைக்காட்சியில் தோன்றி ராஜினாமாவை அறிவிக்க வேண்டும் என்பது. ஐந்து நாள் கழித்து அம்மா திரும்பி வந்தார். மகள் பதவியில்தான் இருந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு அவர் சொன்ன வேறொரு கதைதான் ஞாபகம் வந்தது. நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போர்க்காலம். அவருக்கு 15 வயது. மூன்று வயதுத் தங்கைக்கு மலேரியா, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. அம்மாவும் நோயில் படுத்திருக்கிறார். தூரத்தில் ஒரு தேவாலயத்தில் டாக்டர் இருப்பதாகக் கேள்வி. தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு பல கிலோமீட்டர் நடக்கிறார். போய்ப் பார்த்தால் வாசலில் ஆயிரம் பேர், கதவை உடைக்கிற நிலைமை. வாசலை விட்டுவிட்டுக் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஊர்ந்து, பக்கத்து ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்கிறார். ஊசி போட்டார்கள், பிள்ளை பிழைத்தது. அந்தத் தங்கை பிற்காலத்தில் டாக்டர்.

தராசுமுள் அண்ணே, "ஓட்டில்லாத பதவி" என்கிறீர்கள். வாசல் அடைத்திருந்தால் ஜன்னல் தேடுகிற ஆளுக்கு அது பொருட்டா என்று தெரியவில்லை.

தராசுமுள்

கதை நெஞ்சைத் தொடுகிறது தங்கச்சி, மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து வயதில் ஜன்னல் ஏறியதை வைத்து அறுபத்தாறு வயதில் எடுத்த பதவியை எடை போட முடியுமா? ஜெனீவாவுக்கு வாருங்கள்.

மட்டுறுத்துநர்

அவருடைய தலைப்பாகை, உடை பற்றி வந்த இரண்டு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. 2021-ல் சில சுவிஸ் நாளிதழ்கள் "இந்தப் பாட்டிதான் புதிய தலைவி" என்ற பாணியில் தலைப்புப் போட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டன. நாமும் கேட்கும்படி வைக்காதீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்

தேர்தலைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன், சுவையான கூத்து அது.

முன்னவர் ரொபர்டோ அசெவெடோ தவணை முடிய ஒரு வருடம் இருக்கும்போதே 2020 ஆகஸ்ட் 31-ல் கிளம்பிவிட்டார். எட்டுப் பேர் போட்டி. வாக்குச்சீட்டு கிடையாது. மூன்று தூதர்கள் ஒரு அறையில் உட்கார்வார்கள். ஒவ்வொரு நாட்டின் பிரதிநிதியும் தனியாக உள்ளே போய்த் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டு வர வேண்டும். அங்கே அதற்குப் புழங்கும் பெயருக்கு நேரான தமிழ், பாதிரியாரிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம்! எட்டு ஐந்தாகி, ஐந்து இரண்டானது. மிஞ்சியவர்கள் இவரும் தென் கொரியாவின் வர்த்தக அமைச்சர் யூ மியுங்-ஹீயும். அக்டோபர் 28-ல் மூவர் குழு இவர் பெயரைச் சொன்னது. அமெரிக்கா முடியாது என்றது. காரணமாகச் சொன்னது, தலைவருக்கு வர்த்தகத் துறையில் நேரடி அனுபவம் வேண்டும் என்பது.

பிறகும் நான்கு மாதம் நாற்காலி காலி. தற்காலிகத் தலைவரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாமல் நான்கு துணை இயக்குநர்கள் வண்டியை ஓட்டினார்கள். அமெரிக்காவில் ஆட்சி மாறியது, 2021 பிப்ரவரி 5-ல் யூ விலகினார், 15-ம் தேதி நியமனம். முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர், ஏழாவது தலைமை இயக்குநர்.

ஒரு திருத்தம்: "இந்தப் பதவிக்கு வந்த முதல் பொருளியலாளர்" என்று வேறொரு இழையில் யாரோ எழுதியிருந்தார்கள். தவறு. 2002 முதல் 2005 வரை இருந்த தாய்லாந்தின் சுபாசாய், நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் டின்பெர்கனிடம் முனைவர் பட்டம் செய்தவர். ஆனால் அங்கே பெரும்பாலும் உட்கார்ந்தவர்கள் அரசியல்வாதிகள், அரசதந்திரிகள், வழக்கறிஞர்கள். அசெவெடோ அந்தக் கட்டிடத்திலேயே தன் நாட்டுத் தூதராக இருந்தவர், ஒவ்வொரு காற்புள்ளியும் தெரியும். அப்படிப்பட்டவர் தவணை முடியும் முன்பே கிளம்பிய இடத்துக்கு, காற்புள்ளி தெரியாதவர் என்று குறை சொல்லப்பட்டவர் வந்தார். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: தெரிந்தவர்களால் என்ன ஆயிற்று?

நெய்தல்

மீன்பிடி மானிய ஒப்பந்தத்தைப் பற்றி யாருமே பேசாதது வியப்பு. எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

2001-ல் தோஹாவில் தொடங்கிய பேச்சு. கடலில் மீன் வற்றுவதற்கு அரசுகள் கொடுக்கும் மானியமே ஒரு காரணம். வருடத்துக்குச் சுமார் 2,200 கோடி டாலர் அப்படிக் கெடுதல் செய்யும் மானியமாகப் போகிறது என்று அந்த அமைப்பே சொல்கிறது. டீசலுக்கு மானியம் கிடைக்கும் பெரிய கப்பல் தூரக் கடலுக்குப் போய் வாரிவிடும், சின்ன படகுக்காரன் வலையில் ஒன்றும் மிஞ்சாது. எல்லோருக்கும் தெரியும், ஆனால் 20 வருடம் பேசியும் ஒரு வரி எழுத முடியவில்லை.

2022 ஜூன் 12-ல் ஜெனீவாவில் அமைச்சர்கள் கூடினார்கள். 15-ம் தேதி முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த நாளும் போனது, அந்த இரவும் போனது. ஒகோன்ஜோ-இவேலா விடாப்பிடியாகச் சிறு சிறு குழுவாக அமைச்சர்களை ஒரு அறைக்குள் அழைத்துப் பேசவைத்துக்கொண்டே இருந்தார். 17-ம் தேதி விடியற்காலையில் கையில் ஒரு கட்டு ஒப்பந்தங்களோடு வெளியே வந்தார்கள். கள்ளத்தனமாகவும் கணக்கில் வராமலும் பிடிக்கும் மீனுக்கு மானியம் இல்லை, ஏற்கெனவே வற்றிய மீனினத்துக்கு இல்லை, யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடலுக்கு இல்லை. மூன்று தடை.

எப்படி முடிந்தது என்றால், முடியாததைப் பிய்த்துத் தனியே வைத்ததால். அளவுக்கு மீறிய படகுகளுக்கும் மீன்பிடிக்கும் தரும் மானியம்தான் பெரிய மீன். அதை "அப்புறம் பேசலாம்" என்று தள்ளினார்கள். வளரும் நாடுகளுக்கு 25 வருட அவகாசம் கேட்ட இந்தியா அந்த மேசையில் இருந்தது, தூரக் கடல் கப்பல் வைத்திருக்கும் நாடுகளும் இருந்தன. அவர்கள் எல்லோரும் எழுந்து போகாமல் இருந்ததே பெரிய காரியம்.

ஏட்டுச்சுரைக்காய்

இதில் பாரிஸ் கிளப் வாடை அடிக்கிறதா இல்லையா? 3,000 கோடியும் தள்ளுபடி கேட்காமல் 1,800-க்குப் படிந்தார். இங்கேயும் முழு மீன் கேட்காமல் பாதிக்குப் படிந்தார். ஒரே கை.

சிவப்புக்கோடு

பாதிக்குப் படிந்தது மீன் மட்டும் இல்லை. அதே விடியற்காலையில் கொரோனா தடுப்பூசிக் காப்புரிமையும் படிந்தது. இந்தியாவும் தென் ஆப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் கேட்டது தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி எல்லாவற்றுக்கும் காப்புரிமை விலக்கு. 20 மாதம் கழித்துக் கிடைத்தது தடுப்பூசிக்கு மட்டும், ஐந்து வருடத்துக்கு, நிபந்தனைகளோடு. மருந்தையும் கருவியையும் ஆறு மாதத்தில் முடிவு செய்வோம் என்றார்கள், அந்த ஆறு மாதம் போனது போனதுதான். தடுப்பூசி முடிவு வந்த நேரத்தில் தட்டுப்பாடே தீர்ந்து, குப்பிகள் காலாவதியாகிக்கொண்டிருந்தன.

2016 முதல் 2020 வரை கவி என்ற தடுப்பூசிக் கூட்டணிக்குத் தலைவராக இருந்தவர் இவர். ஊசி கிடைக்காத பிள்ளையை முதுகில் சுமந்தவர் என்று மின்மினி எழுதியதையும் படித்தேன். அவருக்கே இவ்வளவுதான் முடிந்தது என்றால் அந்த அமைப்பு யாருக்கானது என்று கேட்க மாட்டீர்களா?

மின்மினி

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது அமைப்பைப் பற்றிய கேள்வி, அவரைப் பற்றியது இல்லை. தராசுமுள் அண்ணன் கேட்டதைத்தான் நீங்களும் சுற்றி வந்து கேட்கிறீர்கள்: ஓட்டில்லாதவரால் எவ்வளவு முடியும்? பாதி முடிந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன், பாதிதான் முடிந்தது என்று நீங்கள்.

கப்பல்சீட்டு

முடியாததையும் சொல்லிவிடுவோம். மேல்முறையீட்டு மன்றம். ஏழு பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்கைக் கேட்க மூன்று பேர் வேண்டும். புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்துக்கொண்டே வந்ததில் 2019 டிசம்பரில் ஒருவர் மட்டும் மிஞ்சினார், இப்போது யாரும் இல்லை. வழக்கில் தோற்றுப்போன நாடு "மேல்முறையீடு செய்கிறேன்" என்றால் போதும், கோப்பு ஆளில்லாத அறைக்குப் போய்விடும். இவர் வருவதற்கு முன்பே நின்ற கடிகாரம் இது, இவர் வந்தும் ஓடவில்லை.

2025-ல் அமெரிக்கா நாட்டுக்கு நாடு வேறு வேறு வரி போட ஆரம்பித்தது. எல்லா உறுப்பினருக்கும் ஒரே வரி என்ற அடிப்படை விதியில் நடந்த உலகச் சரக்கு வர்த்தகம் 80 சதவீதம் போல இருந்தது, 72-க்கு இறங்கிவிட்டது என்று அவரே சொன்னார். என் மேசையில் அது எப்படித் தெரிந்தது என்றால், அதுவரை ஏனோதானோ என்று வாங்கிவைத்த தோற்றச் சான்றை எல்லோரும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். எந்த நாட்டில் செய்த சரக்கு என்பதுதானே வரி.

கவனியுங்கள், இங்கேயும் அவர் செய்தது என்ன? ஒரு எண்ணை எல்லோரும் பார்க்கச் சொன்னார். பழைய_கணக்கு ஐயா சொன்ன அதே சுவர்.

பழைய_கணக்கு

ஆனால் தம்பி, நைஜீரியாவில் அந்தச் சுவரைப் பார்க்க ஒரு ஆசிரியர் இருந்தார், ஆளுநரை மடக்க அவருக்கு ஒரு காரணம் இருந்தது. ஜெனீவாச் சுவரை யார் பார்க்கிறார்கள்? 72 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எந்த ஊரில் எவன் எந்த மந்திரியைக் கேள்வி கேட்கிறான்? அங்கேதான் எனக்குத் தராசுமுள் பக்கம் சாயத் தோன்றுகிறது.

தராசுமுள்

ஐயா என் பக்கம் சாயும் நேரத்தில் நான் கொஞ்சம் நகர்ந்துவிட்டேன். கௌரவ ஓய்வு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஓய்வு தேடுகிறவர் அந்த 2022 இரவை உட்கார்ந்து கழித்திருக்க மாட்டார். 2024 நவம்பரில் இரண்டாம் தவணைக்கு வேறு ஒருவரும் போட்டியிடவில்லை, அமெரிக்காவில் அடுத்த ஆட்சி வருவதற்கு முன்பே அவசரமாக நியமனத்தை முடித்தார்கள் என்பதும், அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததைக் காட்டுகிறது.

ஆனால் உச்சம் 2005 என்பதை விடமாட்டேன்.

நெய்தல்

விடாதீர்கள். ஆனால் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மீன் ஒப்பந்தம் மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ஏற்றபிறகு 2025 செப்டம்பர் 15-ல் அமலுக்கு வந்தது. அதன் கடைசிப் பகுதியில் ஒரு விதி இருக்கிறது: தள்ளிவைத்த பெரிய மீனைப் பற்றி நான்கு வருடத்துக்குள் உடன்பாடு வராவிட்டால், அமைப்பின் பொதுக்குழு வேறு முடிவு எடுத்தாலொழிய, இப்போதிருக்கும் பாதி ஒப்பந்தமும் ரத்து. அதாவது 2029 செப்டம்பர் 15.

அவருடைய இரண்டாம் தவணை முடிவது 2029 ஆகஸ்ட் 31.